நுரையீரலில் ரத்தக்கட்டி: அசிட்ரோமா, புது மாத்திரையா, ஊசியா?

"அசிட்ரோம்ல போகலாமா, இல்ல புது மாத்திரை எழுதட்டுமா? உங்களுக்கு எது தோதுப்படும்?"

அப்பாவை வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் மாலை, தஞ்சாவூரில் டாக்டர் என்னையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டது இது. அசிட்ரோம் என்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரை. "நீங்க எதைச் சொன்னாலும் சரி" என்றுதான் வாயில் வந்தது. அவர் விடவில்லை. "எழுதறது நான். தினமும் போடப்போறது நீங்க. லேப் எவ்வளவு தூரம், ராத்திரி சாப்பாடு நேரத்துக்கு உண்டா, கிட்னி எப்படி இருக்கு, இதெல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்" என்றார். அன்று அரை மணி நேரம் அவர் பொறுமையாகச் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும், மூன்று மாதம் வீட்டில் பட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வி இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில் ஏதோ ஒரு குடும்பத்தின் முன்னால் இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சமாவது உதவட்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஐந்து வாரம் கட்டிலில் கிடந்தார். ஒரு விடியற்காலையில் பாத்ரூமுக்குக் கோலை ஊன்றி நடந்து போனவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது, வியர்த்துக் கொட்டியது, மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். வாயுக்கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மயங்கி விழுந்தார். 108-ல் ஏற்றித் தஞ்சாவூர் போனோம். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களுக்கும் போகும் ரத்தக்குழாய்களில் கட்டி தெரிந்தது.

அந்தக் கட்டி நுரையீரலில் உண்டானதல்ல. பெரும்பாலும் காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில், ரத்தம் ஓடாமல் தேங்கிய இடத்தில் உறைந்து, அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வருவது. வயிற்றுக்குள் இருக்கும் பெரிய சிரை வழியாக ஏறி, இதயத்தின் வலது பக்கத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து நுரையீரல் குழாய்க்குள் தள்ளப்பட்டு, குழாய் சிறுத்துப்போகும் இடத்தில் சிக்கிக்கொள்கிறது. நுரையீரல் சம்பந்தப்பட்டது, மூச்சுத்திணறல்தான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயம். வலது கீழறையின் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்தில் ரத்தம் தள்ளிப் பழகியது. எதிரே திடீரென்று அடைப்பு விழுந்தால் அது ஊதிப்போய்த் தளர்ந்துவிடும். இடது பக்கத்துக்கு ரத்தம் வந்து சேராது. ரத்த அழுத்தம் சரியும். அப்பா மயங்கியது அதனால்தான்.

மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1960-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டான் என்ற இரு மருத்துவர்கள் நடத்தியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் நுரையீரல் கட்டியாலேயே இறந்தார்கள். மருந்து வாங்கிய 16 பேரில் அப்படி ஒருவர்கூட இறக்கவில்லை. முதல் கட்டி விட்டுவைத்தவரை அடுத்த கட்டி கொண்டுபோய்விடும் என்பது அதில் தெரிந்துவிட்டது. டாக்டர் எங்களிடம் கேட்ட கேள்வியின் கனம் இதுதான். வந்த கட்டிக்காக மட்டும் அல்ல, வரக்கூடிய கட்டிக்காகவும்தான் இந்த மாத்திரை.

கரைக்கிற மருந்து வேறு, தடுக்கிற மருந்து வேறு

எங்கள் ஊரில் எல்லாரும் "ரத்தத்தை இளக்குற மாத்திரை" என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணீராக்குவதும் இல்லை, இருக்கும் கட்டியைக் கரைப்பதும் இல்லை. கட்டி மேலும் வளராமலும் புதிதாக ஒன்று உண்டாகாமலும் பார்த்துக்கொள்கின்றன. அந்த அவகாசத்தில் உடம்பே தன்னிடமுள்ள நொதிகளைக் கொண்டு கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது.

நேரடியாகக் கரைக்கும் மருந்து உண்டு: ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ். "அதைப் போட்டுக் கரைச்சிட வேண்டியதுதானே?" என்று அண்ணன் கேட்டான். ரத்த அழுத்தம் விழுந்து உயிர் ஊசலாடும்போது அது உயிர் காக்கும் மருந்து. அப்போது யோசிக்கவே கூடாது. அழுத்தம் நிலையாக இருக்கிறது, இதயத்தின் வலது பக்கம் மட்டும் சிரமப்படுகிறது என்ற நிலையில் கணக்கு மாறிவிடுகிறது. 2014-ல் வந்த பெய்த்தோ என்ற ஆய்வில் இப்படிப்பட்ட ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். டெனெக்டிப்ளேஸ் போட்டவர்களில் நிலைகுலைந்து போனவர்கள் குறைவுதான். ஆனால் மூளையில் ரத்தம் கசிந்தது அவர்களில் 100-க்கு 2 பேருக்கு. போடாதவர்களில் 1000-க்கு 2 பேருக்கு. அப்பா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது அழுத்தம் திரும்ப நிலைக்கு வந்திருந்தது. அதனால் அவருக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டு ஐ.சி.யு.வில் வைத்துக் கவனித்தார்கள். இந்த முடிவு குடும்பத்தின் கையில் இருப்பதல்ல. டாக்டரை நம்பி விட்டுவிடுங்கள்.

நம் கைக்கு வருவது அடுத்த கட்டம். வீட்டில் மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆயுள் முழுக்கவோ எதைப் போடுவது என்பது.

அசிட்ரோம் வழி

அசினோகூமரால் என்பது மருந்தின் பெயர். அசிட்ரோம் என்ற பெயரில்தான் இங்கே பலருக்கும் தெரியும். வார்ஃபரின் இதன் அண்ணன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா இதயத்தில் உலோக வால்வு வைத்து, பத்து வருஷத்துக்கு மேல் அசிட்ரோம் சாப்பிடுகிறார். அப்பாவைப் பார்க்க வந்தவர், "அதையே குடுக்கச் சொல்லு தம்பி, எனக்கு ஒண்ணும் பண்ணலியே" என்றார். இன்னொருவர், "அது எலி மருந்தாமே" என்று பயமுறுத்தினார்.

எலி மருந்து விஷயம் உண்மைதான். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரினை 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள். 1954-ல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். இதில் பயப்பட ஏதுமில்லை. ஆனால் ஒரு செய்தி இருக்கிறது: அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி, நடுவில் இருக்கும் பாதை குறுகியது. அந்தப் பாதையில்தான் போகிறோமா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை அது ஒரு எண்ணாகக் காட்டும். நுரையீரல் கட்டிக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

நிற்கவைப்பதுதான் பாடு. இந்த மருந்து வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்து உறைதலைக் குறைக்கிறது. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் முட்டைக்கோஸிலும் அந்த வைட்டமின் நிறைய. உடனே "கீரையே கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். அந்த அளவுக்கு ஏற்ப டாக்டர் மாத்திரையைச் சரிசெய்துகொள்வார். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினம் முருங்கைக்கீரை பொரியல் என்றால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். மருந்துகளும் அப்படியே. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கீழே இழுத்துவிடும்.

ஆரம்பமும் மெதுவானது. மாத்திரை முழுதாக வேலை செய்ய ஐந்து நாளாவது ஆகும். அதுவரை ஹெப்பாரின் ஊசியும் கூடவே போக வேண்டும். முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். பிறகு வாரம் ஒன்று. நிலைபட்ட பிறகு மாதம் ஒன்று. மாத்திரை விலை குறைவுதான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து நம்பகமான லேபுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாவுக்கட்டுக் காலோடு அப்பா, கூட ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு நாள் வேலை. மருந்துக்கடை ரசீதை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

நன்மையையும் சொல்ல வேண்டும். மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்பதை ஒரு எண் காட்டிக்கொடுக்கிறது. அளவு கூடிவிட்டால் வைட்டமின் கே கொடுத்து இறக்கலாம். அவசரமென்றால் பிளாஸ்மா ஏற்றலாம். சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கும் கவனமாகக் கொடுக்க முடிகிறது. சிலருக்கு இதுதான் ஒரே வழி. உலோக வால்வு இருக்கும் பெரியம்மாவுக்குப் புது மாத்திரை கூடவே கூடாது. அது ஆய்வில் தெளிவாகத் தெரிந்த விஷயம். அதுபோல ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று ஒன்று உண்டு. இள வயதில் கட்டி வருவதும் திரும்பத் திரும்பக் கரு கலைவதும் அதன் அடையாளங்கள். அது கடுமையாக இருப்பவர்களுக்கு ரிவராக்ஸபான் என்ற புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் வார்ஃபரினைவிட அதிகம் பேருக்கு அடைப்பு வந்ததால், அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

புது மாத்திரைகள்

ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டபிகாட்ரான் மூன்றும் இங்கே கிடைக்கின்றன. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக்கு அளவு வேண்டாம், சில மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும்.

பழசைவிட நல்லதா? 2012-ல் வெளியான ஐன்ஸ்டைன் ஆய்வில் நுரையீரல் கட்டி வந்த 4,800-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பாதிக்கு ரிவராக்ஸபான். மறுபாதிக்கு ஊசியில் தொடங்கி வார்ஃபரின் அல்லது நம்முடைய அதே அசினோகூமரால். கட்டி திரும்ப வந்தது முறையே 2.1, 1.8 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய ரத்தக்கசிவு 1.1-க்கு எதிராக 2.2 சதவீதம். 2013-ல் அபிக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆம்ப்ளிஃபை ஆய்வில் பெரிய கசிவு 0.6-க்கு எதிராக 1.8 சதவீதம். கட்டியைத் தடுப்பதில் பழையதும் புதியதும் சமம், கசிவு புதியவற்றில் குறைவு. முன்பு இவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்தையே திணறடித்தது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு வெகுவாக இறங்கிவிட்டது. மக்கள் மருந்தகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனால் மறதிக்காரர்களுக்கு இவை ஆபத்தானவை. இந்தப் பகுதியில் நான் சொல்லவந்ததே இதுதான். வார்ஃபரின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும்; ஒரு வேளை விட்டுப்போனாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புதியவை ஏறக்குறைய அரை நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாள் மறந்தால் அந்த நாளில் பாதுகாப்பே இல்லை. ஐ.என்.ஆர். மாதிரி காட்டிக்கொடுக்கும் எண்ணும் இல்லாததால், மறந்தது டாக்டருக்கும் தெரியாது. "பரிசோதனை வேண்டாம்" என்பதை "கவலை வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டை வீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டபிகாட்ரான் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பல வருஷச் சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் வீடுகளில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. தொடங்கும் முன் ஐந்து நாளாவது ஊசி வேண்டும், வயிற்றெரிச்சலும் வரும். அதற்கென்று தனியாக ஒரு முறிமருந்து இருப்பது அதன் பலம். இருந்தும் அப்பாவுக்கு அதை நாங்கள் யோசிக்கவில்லை.

ரிவராக்ஸபான் முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரே வேளை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களும், ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுப்பவர்களும் இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அபிக்ஸபான் முதல் 7 நாள் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சிறுநீரகத்தை நம்பியிருப்பதும் குறைவு. தினமும் இரண்டு தடவை ஞாபகம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வயதானவர், சிறுநீரகம் சுமார், விரதம் உண்டு, வீட்டில் எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு என்றால் என் மனசு அபிக்ஸபான் பக்கம்தான் சாயும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிடாயினோ கார்பமாசெபினோ சாப்பிடுகிறவர்களுக்குப் புதியவை பொதுவாகச் சரிப்படாது. அந்த மருந்துகள் இவற்றின் அளவைக் குறைத்துவிடும், குறைந்ததும் தெரியாது. அசிட்ரோம் என்றால் ஐ.என்.ஆர். பார்த்தாவது சரிசெய்ய முடியும்.

ஊசி யாருக்கு

ஹெப்பாரின் வகை ஊசியையே மாதக்கணக்கில் தொடர்வது பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கு. வார்ஃபரினும் அசிட்ரோமும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப்போய்க் குழந்தையைப் பாதிக்கும். புது மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. ஹெப்பாரின் தாண்டாது. தினமும் வயிற்றில் குத்திக்கொள்வது கொடுமைதான். ஆனாலும் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற பிறகு பால் கொடுக்கும் தாய்க்கு ஊசியோ வார்ஃபரினோ கொடுக்கலாம், புதியவை வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் கட்டி வருவதற்கு அதிக வாய்ப்புள்ள காலம். சில வீடுகளில் "பச்சை உடம்பு" என்று பெண்ணைப் படுக்கவைத்தே தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவள் எழுந்து நடக்கட்டும், வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கட்டும்.

புற்றுநோய் இருப்பவர்களுக்கு முன்பு ஊசி ஒன்றுதான். இப்போது அபிக்ஸபான் போன்றவற்றையும் கொடுக்கிறார்கள். வயிறு, குடல் புற்றுநோய் என்றால் கசியும் என்ற அச்சத்தில் யோசிப்பார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவுக்குக் கிரியாட்டினின் நன்றாக இருந்தது. எந்த விரதமும் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும் அவருக்கு. லேப் தூரம். அவருக்குக் காலை மாத்திரை மறக்கும், ராத்திரி மாத்திரை அம்மா கையில். அதனால் ரிவராக்ஸபான். முதல் 21 நாள் மட்டும் காலை வேளைக்கு நான் போன் செய்தேன். 22-ஆம் நாளை நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு "இன்று முதல் 20, ஒரு வேளை" என்று எழுதி ஒட்டினோம். அந்த மாற்றத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: சிலர் பழைய அளவையே தொடர்கிறார்கள், சிலர் அட்டை தீர்ந்ததும் மருந்து முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

எதை எடுத்தாலும் பொதுவான சில ஜாக்கிரதைகள் உண்டு. முட்டிவலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடக்கூடாது. இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் அறவே கூடாது. தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியே காயமே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை. அப்புறம், "நான் ஆஸ்பிரின் சாப்பிடறேனே, அது போதாதா?" என்ற கேள்வி. போதாது. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், முதல் ஆறு மாதம் அல்லது ஒரு வருஷச் சிகிச்சை முடித்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. ரிவராக்ஸபான் 10 மி.கி. சாப்பிட்டவர்களில் 1.2 சதவீதம்.

மூன்று மாதம் முடிந்தபோது அடுத்த தேர்வு வந்தது: நிறுத்துவதா, தொடர்வதா? அப்பாவுக்குக் கட்டி வந்த காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: முறிவு, மாவுக்கட்டு, படுக்கை. காரணம் போய்விட்டது, நடக்கிறார், மூச்சும் சரியாகிவிட்டது. நிறுத்தலாம் என்றார் டாக்டர். காரணமே தெரியாமல் கட்டி வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் நிறுத்தினால் முதல் வருஷத்தில் 10 பேரில் ஒருவருக்கும், ஐந்து வருஷத்தில் 4 பேரில் ஒருவருக்கும் திரும்ப வருகிறது. அதனால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அளவைக் குறைத்தும் தொடரலாம். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து போட்டும் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்றால் "வயசாகிட்டு" என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறிவிடுகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

கடைசி நாள் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் நோயின் பெயர், தேதி, சாப்பிட்ட மருந்து, சாப்பிட்ட காலம் என்று எழுதி அப்பா கையில் கொடுத்தார். இனி எப்போதாவது அறுவை சிகிச்சை என்றாலும், மறுபடி மாவுக்கட்டு என்றாலும், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் காட்ட வேண்டும் என்றார். அம்மா அதை லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.